சீமாட்டியின் பிரசவமும் நிரம்பிய டிஸ்க்கும்

நாய்களைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் விடுதி ஒன்று அந்தத் தெருவில் தொடங்கியபோது எதிர்வரிசையில் ஒரு வீடு பாக்கியில்லாமல் சிரித்தது. மனுஷனுக்கே வாடகைக்கு இடம் கிடைக்கவில்லை, நாய்க்கு லாட்ஜா என்றார்கள். சிரித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அடுத்த விடுமுறைக்கே தங்கள் நாயை இழுத்துக்கொண்டு அந்த வாசலில் வந்து நின்றார்கள். விடுதியம்மா ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. தான் குத்திக்காட்டவில்லை என்பதை மட்டும் எல்லாருக்கும் தெரியும்படி பார்த்துக்கொண்டாள்.

கீழ்த்தளம் நாய்களுக்கு, மேல்தளம் குடும்பத்துக்கு. குடும்பம் என்றால் விடுதியம்மா, அவள் மகன், மருமகள், இன்னும் கல்யாணமாகாத மகள். மகன் காலையும் மாலையும் நாய்களை நடக்கக் கூட்டிப்போவான். வழியெல்லாம் பாடிக்கொண்டே போவான். கயிற்றில் கட்டியிருப்பதால் அவையும் கூடவே போயின, வேறென்ன செய்யும். மருமகள் வருகிறவர்களிடம் பேசுவாள். அவர்கள் போன பிறகும் கொஞ்ச நேரம் பேசுவாள். மிச்ச வேலையெல்லாம் மகளுக்கு. அதில் பெரிது, கம்ப்யூட்டர் வேலை.

மகளைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'நிதானம்' என்பார்கள். அவள் சாலையைக் கடக்க நின்றால், பின்னால் வந்தவர்கள் கடந்துபோய், வேலையை முடித்து, திரும்பியும் வந்துவிடுவார்கள். அவள் அப்போதுதான் இடது பக்கம் இரண்டாம் முறை பார்த்துக்கொண்டிருப்பாள். தனக்கு இப்படியொரு பட்டப்பெயர் இருப்பது அவள் காதிலும் விழுந்திருந்தது. அதற்குக் கோபப்படலாமா என்று இன்னும் யோசனையில் இருந்தாள்.

ஆனால் விடுதிக்குக் கூட்டம் சேர்ந்ததே அவள் செய்த ஏற்பாட்டால்தான். ஒவ்வொரு அறையின் மூலையிலும் உயரத்தில் ஒரு காமிரா. நாயை விட்டுவிட்டு ஊருக்குப் போனவர்கள் எங்கிருந்தாலும் விடுதியின் இணையதளத்தைத் திறந்து, பாஸ்வேர்டைப் போட்டு, தங்கள் செல்லம் குறட்டை விடுவதைக் கண்குளிரப் பார்க்கலாம். படமெல்லாம் ஒரு சர்வர் வழியாகப் போகும். அதிலேயே பதிவும் ஆகும். சர்வர் வீட்டில் இல்லை. எங்கோ தூரத்தில், ஏதோ கம்பெனியின் கட்டடத்தில், மாத வாடகைக்கு. கிளவுட் என்று மகள் சொன்ன நாளிலிருந்து விடுதியம்மா அதை 'மேகத்து வீடு' என்றே சொல்லிவந்தாள். அந்த வீட்டுக்கும் அவள்தான் எஜமானி என்பது அவள் எண்ணம். தங்கிப்போன எந்த நாயின் படத்தையும் அழிக்கக் கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. நம் வாசலை மிதித்த ஜீவனின் முகத்தை நாமே அழிப்பதா என்பாள். ஆகவே அழிக்கவில்லை. ஆகவே நிரம்பியது.

இந்தக் குடும்பத்துக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. தெருவுக்கே அது பொழுதுபோக்கு. நல்ல காரியம் எதையும் முன்கூட்டிச் சொல்லிவிட்டுச் செய்ய மாட்டார்கள். ரகசியமாகச் செய்வார்கள், பலித்தால் பிறகு சொல்லிக்காட்டுவார்கள். பலிக்காவிட்டால் மூச்சு விட மாட்டார்கள். குளியலறைக் குழாய் ஒழுகினால் ஒவ்வொருவராகப் போய் யாருக்கும் தெரியாமல் ஒரு முறுக்கு முறுக்கிவிட்டு வருவார்கள். ஒழுகல் நின்றால், "நான்தான்." நிற்காவிட்டால், "எந்தக் குழாய்?" அப்படி நான்கு பேர் முறுக்கி, கடைசியில் கைப்பிடி கழன்று வந்த குழாய் ஒன்று இன்றைக்கும் அங்கே துணி சுற்றிக் கிடக்கிறது.

இனி சீமாட்டி. பழுப்பு நிறம், நீளக் காது, நடையில் ஒரு தோரணை. வந்த அன்றே விடுதியை ஒரு சுற்று பார்வையிட்டுவிட்டு, இருப்பதிலேயே வெளிச்சமான அறையைத் தானாக எடுத்துக்கொண்டது. நிதானத்தைத் தவிர யாரையும் பக்கத்தில் அண்டவிடாது. போன் என்றாலோ ஆகவே ஆகாது. ஒருமுறை படம் பிடிக்கப் போன நிதானத்தின் அண்ணியின் கையிலிருந்து போனைப் பதமாகக் கவ்விக்கொண்டு போய், அதன் மேலேயே படுத்துக்கொண்டது. அண்ணி அரைநாள் போனில்லாமல் இருந்தாள். அந்த அரைநாளைத் தெரு நிம்மதியோடு நினைவு வைத்திருக்கிறது.

சீமாட்டியின் சொந்தக்காரன் சரக்குக் கப்பலில் சமையல்காரன். கப்பலேறும் முன் நாயைக் கொண்டுவந்து விட்டவன், ஐந்து நிமிடத்தில் முடிகிற காரியத்துக்குப் பாதி சாயங்காலம் வாசலிலேயே நின்றான். நாய்க்கு வயிற்றில் குட்டி இருக்கிறது, தான் கடலில் இருக்கும்போதுதான் பிறக்கும் என்று சொல்லி வருத்தப்பட்டான். அவன் தங்கை கல்யாணம், அண்ணன் குழந்தை முதலில் எழுந்து நடந்தது, நண்பனின் கடைத் திறப்பு, எதையும் அவன் நடக்கும்போது பார்த்ததில்லையாம். முடிந்த பிறகு போட்டோவில்தான்.

"சமைக்கறவன் நான். ஆனா எனக்கு மட்டும் எல்லாம் ஆறிப்போய்த்தான் கெடைக்குது," என்றான்.

நிதானம் வழக்கம்போல யோசித்தாள். பிறகு சொன்னாள். "இது சூடா கெடைக்கும். நடக்கும்போதே நீங்க பாப்பீங்க. நான் பொறுப்பு."

அவள் அப்படி யாருக்கும் வாக்குக் கொடுத்து யாரும் கேட்டதில்லை. அதன் பிறகு அவனிடமிருந்து வருகிற செய்திகளில் முதல் வரி, நாய் சாப்பிட்டதா. இரண்டாம் வரி, நீங்கள் சாப்பிட்டீர்களா. நாயை நம்பி ஒப்படைத்தவன் முதல் வரியோடு நிறுத்தியிருக்க வேண்டாமோ? நமக்கெதற்கு. ஆனால் செய்தி வந்த நாட்களில் நிதானம் மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறினாள் என்பதைப் பார்க்கக் கண்ணாடி தேவைப்படவில்லை.

சர்வரின் டிஸ்க் நிரம்பப் போகிறது என்று அவளுக்கு எச்சரிக்கை வந்தது வாரத் தொடக்கத்தில். அன்று இரவுச் சாப்பாட்டில் எல்லாரிடமும் சொன்னாள். டிஸ்க்கைப் பெரிதாக்க வேண்டும், கம்பெனியின் இணையப் பக்கத்தில் போய் அளவை இழுத்துவிடலாம், ஆனால் அதோடு முடியாது, உள்ளேயும் வேலை இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நிதானமாகச் செய்கிறேன் என்றாள். பாதி வாக்கியத்திலேயே மூன்று பேர் முகத்திலும் ஒரு வெளிச்சம் வந்துவிட்டது. 'இழுத்துவிடலாம்' வரை கேட்டார்கள். மீதியைக் கேட்கவில்லை. சாவியெல்லாம் ஒரே ஆணியில் தொங்குகிற வீடு அது; பாஸ்வேர்டும் அப்படித்தான், விடுதிக்கு வந்த முதல் நாயின் பெயர்.

சீமாட்டிக்கு ஞாயிறு வரை பொறுமையில்லை. வெள்ளிக்கிழமை காலை கஞ்சியை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. படுக்கைத் துணியைக் கால்களால் கிளறிக் குவித்து, அதன் நடுவே சுற்றிச் சுற்றி வந்து மூச்சிரைத்தது. டாக்டரம்மா வந்து தொட்டுப் பார்த்து, இன்றைக்கே ஆகிவிடும், பிற்பகல் ஆகலாம், ஒன்றும் பயமில்லை, கூட்டம் போடாமல் இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டு, தேவையென்றால் கூப்பிடச் சொல்லிப் போனாள். நிதானம் சமையல்காரனுக்குச் செய்தி அனுப்பினாள். அவனும் அன்று பிற்பகல்தான் கரையைத் தொடுகிறான் என்று முன்பே சொல்லியிருந்தான். சரக்கு இறங்கும் வரை கரையோரச் சிக்னல். அப்புறம் மறுபடி கடல்தான். காலண்டரே கைகொடுத்த மாதிரி எல்லாம் கூடிவந்தது என்று அவள் நினைத்த கையோடு, இணையதளத்தைத் திறந்து பார்த்தாள்.

திறக்கவில்லை.

டிஸ்க் நூறு சதவீதம். ஒரு எழுத்தைக்கூட எழுதிவைக்க இடமில்லை என்று சர்வர் கையை விரித்துவிட்டது. யார் உள்ளே வந்தார் என்று குறித்துக்கொள்ளவே இடம் வேண்டுமே. குறிக்க முடியாததால் யாரையும் உள்ளே விடமாட்டேன் என்று நின்றது. காமிராக்கள் பாட்டுக்குப் பார்த்துக்கொண்டிருந்தன. அவை பார்ப்பதைப் பார்க்கத்தான் வழியில்லை.

சீமாட்டியின் அறைக்கு அடுத்து இருந்த தீவன அறையில், மூட்டைகளுக்கு நடுவே மேஜையை இழுத்துப் போட்டு, லேப்டாப்பை வைத்து உட்கார்ந்தாள். மற்ற மூவரும் விஷயம் கேள்விப்பட்டு ஒவ்வொருவராக வந்து பின்னால் நின்றார்கள். நின்ற விதத்திலேயே ஒரு குற்றம் இருந்தது. வழக்கமாக இந்நேரம் ஆளுக்கு ஒரு யோசனை சொல்லியிருக்க வேண்டும். அண்ணிகூட வாயைத் திறக்கவில்லை.

கம்பெனியின் பக்கத்தைத் திறந்து, டிஸ்க்கின் அளவைப் பெரிதாக்கப் போன நிதானம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நாற்பது ஜி.பி. இருக்க வேண்டிய இடத்தில் ஆயிரம் என்று இருந்தது.

"யாரோ உள்ள பூந்துட்டாங்க," என்றாள். "நாப்பதா இருந்தத ஆயிரமா ஆக்கி வச்சிருக்காங்க."

திருடன் வந்து வீட்டைப் பெருக்கித் துடைத்துவிட்டுப் போன கதையாக இருந்தது அவளுக்கு. முதலில் உடைந்தது அண்ணி.

"ஆயிரமா? நான் நூறுதானே..." என்று தொடங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அண்ணன் மெதுவாக அவள் பக்கம் திரும்பினான். தான் பார்த்தபோது நூறு இருந்ததையும், தங்கைதான் பாதியில் விட்டிருக்கிறாள் என்று நினைத்து இருநூறாக்கியதையும், அப்புறமும் நிரம்பியதாகவே காட்டியதால் தான்தான் எதையோ உடைத்துவிட்டோம் என்று பயந்து பேசாமல் இருந்ததையும் தவணை முறையில் சொல்லி முடித்தான். அண்ணி அதே பயத்தில்தான் முந்தாநாளிலிருந்து ஒழுங்காகத் தூங்கவில்லையாம். தூக்கமில்லாமல் பக்கத்தில் புரண்டவர்கள் ஒருவரையொருவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதுதான் அந்த வீட்டில் நடக்காதே.

நூறும் இருநூறும் கணக்கு தீர்ந்தது. ஆயிரம் பாக்கி. மூன்று பேரும் விடுதியம்மாவைப் பார்த்தார்கள். அவள் கொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

"கோடு எதுவரைக்கும் போகுதோ அதுவரைக்கும் இழுத்தேன்," என்றாள். "அரைகுறையா ஒரு காரியம் செய்யறது எனக்குப் பிடிக்காது."

நிதானத்துக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சிரிப்பு வந்தது, அதை அடக்கி வைத்தாள், நேரமில்லை. மறுபடி குறைக்க முடியாதா என்று அண்ணன் கேட்டான். முடியாது. டிஸ்க் வளரும், சுருங்காது, இழுத்தால் இழுத்ததுதான். அப்படியென்றால் ஆயிரம் இருந்தும் ஏன் இடமில்லை என்கிறது என்று அண்ணி கேட்டாள். நியாயமான கேள்வி. நிதானம் அடுத்த அறையைக் காட்டி விளக்கினாள். ஒரு பெரிய அறையை மரத்தடுப்பு வைத்துத்தான் அங்கே நாய்களுக்குப் பிரித்திருந்தார்கள். கட்டடத்தைப் பெரிதாக்கியாயிற்று, ஆனால் தடுப்பு பழைய இடத்திலேயே நிற்கிறது. தடுப்புக்கு இந்தப் பக்கம் இருக்கிற நாய்க்கு அந்தப் பக்கம் ஒரு மைதானமே காலியாகக் கிடப்பது தெரியாது. தடுப்பைத் தள்ளி நிறுத்த வேண்டும். அதற்குப் பெயர் பார்ட்டிஷன். தள்ளிய பிறகு, புது இடத்திலும் பாய் விரித்துப் படுக்கிற மாதிரி ஆக்க வேண்டும். அது ஃபைல் சிஸ்டம்.

"மனைய வாங்கிப் போட்டுட்டு வேலிய நகத்தாம விட்டிருக்கோம். அவ்வளவுதானே," என்றாள் விடுதியம்மா. 'விட்டிருக்கோம்' என்று எல்லாரையும் சேர்த்துக்கொண்டதைக் கவனிக்க வேண்டும்.

சீமாட்டி அடுத்த அறையில் ஒரு முனகல் முனகியது. வேலியை நகர்த்து, சீக்கிரம் என்று அண்ணி படபடத்தாள். ஆனால் பட்டப்பெயர் சும்மா வருமா? ஓடுகிற சர்வரில் கைவைக்கும் முன் முழு டிஸ்க்கையும் கம்பெனியின் வேறொரு டிஸ்க்கில் அப்படியே ஒரு நகல் எடுத்து வைக்காமல் தொடமாட்டேன் என்றாள் நிதானம். தடுப்பை நகர்த்துகிறபோது கை தவறினால் இதுவரை தங்கிய அத்தனை நாய்களும் போய்விடும். விடுதியம்மா உடனே மகள் கட்சிக்கு மாறினாள். நகல் எடுக்கும் கோடு திரையில் எறும்பு மாதிரி ஊர்ந்தது. நாலு பேரும் அதையே பார்த்தார்கள்.

அண்ணிக்கு வாய் அரித்தது. "போன்ல வீடியோ கால் போட்டுக் காட்டினா முடிஞ்சு போச்சு. இதுக்குப் போயி இவ்வளவு பாடு."

"யார் போன்ல, அண்ணி? உங்க போன்லயா?" என்றாள் நிதானம், திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

அண்ணி தன் போனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிரசவ நேரத்தில் அதைக் கவ்விக்கொண்டு படுத்தால் யார் போய் எடுப்பது? அந்த யோசனை அங்கேயே கைவிடப்பட்டது.

கோடு முக்கால் தூரம் வந்தபோது நிதானத்தின் போனில் செய்தி. கரைக்கு வந்துட்டேன். அடுத்தது: திறக்க மாட்டேங்குதே? அடுத்தது: பரவாயில்ல, நீங்க டென்ஷன் ஆகாதீங்க. அந்த மூன்றாவதுதான் அவளை என்னவோ செய்தது. எல்லாம் ஆறிப்போய்க் கிடைத்துப் பழகியவன் இதையும் ஆறவைக்கத் தயாராகிவிட்டான் என்று அதில் இருந்தது. பதில் போட எடுத்த போனைக் கவிழ்த்து வைத்தாள். விடுதியம்மா மகள் முகத்தைப் பார்த்தாள், பிறகு அவசரமாகத் தீவன மூட்டையைப் பார்த்தாள்.

நகல் முடிந்தது. நிதானம் பார்ட்டிஷனை நீட்டும் கட்டளையை அடித்து, ஒருமுறை படித்து, இன்னொருமுறை படித்து, தட்டினாள். சர்வர் பதில் சொன்னது: இடமில்லை.

இடத்தைப் பெரிதாக்குகிற வேலையைச் செய்யவும் அதற்குக் கொஞ்சம் இடம் வேண்டுமாம். தற்காலிகமாக எதையோ எழுதிப் பார்க்க ஒரு கையகலம். அந்தக் கையகலம்கூட இல்லை. ஆயிரம் ஜி.பி. வாசலில் காத்துக்கிடக்க, கதவைத் திறப்பதற்கு வீட்டுக்குள் கால் வைக்க இடமில்லை.

"ஏதாவது ஒண்ண அழிக்கணும்," என்றாள். "சின்னதா ஏதாவது."

பழைய நாய் எதையாவது எடு என்றாள் அண்ணி. போன வருஷம் வந்து எல்லாரையும் கடித்த அந்தக் குட்டையனை எடுத்தால் என்ன? விடுதியம்மா அவளைப் பார்த்த பார்வையில் குட்டையன் அந்த வீட்டுச் சொத்தில் பங்குதாரனாகவே ஆகிவிட்டான். நகல்தான் இருக்கிறதே என்று அண்ணி இழுத்தாள். நகலிலிருந்து ஒன்றைத் தனியாகப் பிடுங்கிக் கொண்டுவருவது வேறொரு பாடு என்றாள் நிதானம். எது எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்று சர்வரைக் கேட்டாள். நாய்களின் பதிவுகள் வரிசையாக வந்தன. நடுவில் நாய்க்குச் சம்பந்தமில்லாத ஒரு ஃபோல்டர் தலைகாட்டியது. அதன் பெயர் 'முக்கியம்'. குட்டையன் அளவுக்கு மூன்று பேர் படுக்கிற இடத்தை அது ஒன்றே பிடித்திருந்தது.

"இது என்னது?" என்று அவள் கேட்டு முடிப்பதற்குள் அண்ணன் குடத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கப் புறப்பட்டுவிட்டான். அண்ணி சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

பாட்டு. அண்ணன் பாடிய பாட்டுகள். போனில் இடம் போதவில்லை என்று, மேகத்து வீட்டில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று, வீடியோவாகவே எடுத்துப் பத்திரப்படுத்தியிருந்தான். நாய்களை நடத்திக்கொண்டு பாடியது, நாய்களைக் குளிப்பாட்டிக்கொண்டு பாடியது, நாய்கள் இல்லாதபோது பாடியது. டிஸ்க் நிரம்புகிறது என்று கேட்டபோது முதல் ஆளாக வியர்த்தவன் அவன்தான் என்பது இப்போது விளங்கியது.

ஒன்றே ஒன்றை அழித்தால் போதும் என்றாள் தங்கை. எதை என்பதை நீயே சொல் என்றாள். பெற்ற பிள்ளைகளில் ஒன்றைக் கொடு என்று கேட்ட மாதிரி அவன் நின்றான். இதில் குரல் நன்றாக வந்திருக்கிறது, அதில் ஒரு சங்கதி விழுந்திருக்கிறது, அந்த இன்னொன்று முதல்முதலாகப் பாடியது. அடுத்த அறையில் முனகல் சத்தமாகிக்கொண்டிருந்தது. தங்கை அவனை அவசரப்படுத்தவில்லை. அவள் சுபாவம் அது. ஆனால் அவள் விரல் மேஜை விளிம்பைப் பிடித்திருந்த பிடியை அவன் பார்த்தான். அந்தக் கவிழ்ந்த போனையும் பார்த்தான். தங்கை யாருக்காக இப்படி உட்கார்ந்திருக்கிறாள் என்பது தெருவுக்கெல்லாம் தெரிந்து கடைசியாக அண்ணனுக்கும் தெரிந்தது.

"எல்லாத்தையும் அழிச்சிரு," என்றான்.

"ஒண்ணு போதும்ணா."

"அப்ப அந்த மழைப் பாட்ட எடு," என்று விடுதியம்மா தீர்ப்புச் சொன்னாள். "அதுக்குத்தான் எல்லா நாயும் ஊளையிட்டுச்சு."

"அதுங்க கூடப் பாடுதுன்னு நெனச்சேம்மா," என்றான் அண்ணன். அண்ணி மூட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். அடக்கியிருந்த சிரிப்பு நிதானத்துக்கும் அப்போது வெளியே வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மழைப் பாட்டை அழித்தாள்.

மறுபடி அதே கட்டளை. இந்த முறை சர்வர் முரண்டு பிடிக்கவில்லை. தடுப்பு நகர்ந்துவிட்டது என்று ஒரே வரியில், ஏதோ தினமும் செய்கிற வேலை மாதிரி, சொல்லிவிட்டுச் சும்மா இருந்தது. அடுத்து, பாயை விரிக்கிற கட்டளை. இரண்டு மூச்சு விடுகிற நேரம் திரை அசையாமல் நின்றது. பிறகு எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று கேட்டாள். நூறு என்று அத்தனை நேரம் முறைத்துக்கொண்டிருந்த இடத்தில், நாலு.

"நாலா?" என்றாள் அண்ணி. "நாலு சதவீதமா? இன்னும் எத்தன நாய் தங்கலாம்?"

"எம் பேத்தி காலம் வரைக்கும் தங்கலாம்," என்றாள் விடுதியம்மா. ஆயிரத்துக்கு இழுத்தது யார் என்பதை அன்று மாலைக்குள் தெருவில் எல்லாரும் தெரிந்துகொண்டார்கள். பலித்துவிட்டதல்லவா.

இணையதளத்தை நிறுத்தி, மறுபடி எழுப்பினாள். பக்கம் திறந்தது. சீமாட்டியின் அறை திரையில் வந்தது: குவித்த துணி, நடுவே நீளக் காதுகள், ஏறி இறங்கும் வயிறு. இன்னும் ஒன்றும் பிறக்கவில்லை. நிதானம் போனை நிமிர்த்தி ஒரே வார்த்தை அனுப்பினாள். வாங்க.

திரையின் ஓரத்தில் பார்ப்பவர் ஒருவர் என்று காட்டியது. அவ்வளவுதான், போனை மேஜையிலேயே விட்டுவிட்டு, வெந்நீரையும் துணியையும் எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மற்ற மூவரும் லேப்டாப்பைச் சுற்றி மூட்டைகளின் மேல் இடம் பிடித்தார்கள். அண்ணிக்கு மறைத்தது, அண்ணனை நகரச் சொன்னாள்.

முதல் குட்டி வந்தது. ஈரப் பொட்டலம் மாதிரி விழுந்ததை சீமாட்டி ஒரு வினாடி 'இது யாருடையது' என்பதுபோலப் பார்த்தது. பிறகு நக்கத் தொடங்கியது. பொட்டலம் அசைந்தது. கீச்சென்று ஒரு குரல். பக்கத்தின் அடியில் எழுதும் பெட்டியில் எழுத்துகள் ஓடிவந்தன. அண்ணி உரக்கப் படித்தாள். சமையலறை முழுக்க நின்னு பாக்கறோம். எல்லாரும் கைதட்டறாங்க. அடுப்புல ஏதோ தீயுது, பரவாயில்ல. இரண்டாவது குட்டி வந்தது, மூன்றாவது வந்தது. மூன்றாவதற்கு ஒரு காது மட்டும் வெள்ளை. சீமாட்டி ஓய்வெடுத்துக்கொண்டது. நிதானம் குட்டிகளைத் துடைத்து, தாயின் வயிற்றோரம் ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். தலை கலைந்திருந்தது. சுடிதார் முன்பக்கமெல்லாம் ஈரம்.

அப்போது மூலையில் சன்னமாக ஒரு சத்தம்.

அந்தக் காமிராக்களுக்குக் கழுத்து உண்டு. நாய் அறையில் எங்கே போய்ப் படுத்தாலும் தேடிப் பார்க்க வசதியாக, சொந்தக்காரர்கள் இருந்த இடத்திலிருந்தே அதைத் திருப்பலாம். மூலையில் இருந்த காமிரா மெல்லத் தலையைத் திருப்பியது. சீமாட்டியை விட்டு, குட்டிகளை விட்டு, வெந்நீர்ப் பாத்திரத்தைத் தாண்டி வந்து, நிதானத்தின் மேல் நின்றது. தீவன அறையில் மூன்று பேரும் அதைத் திரையில் பார்த்தார்கள். அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். விடுதியம்மா அவன் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

நிதானம் காமிராவை நிமிர்ந்து பார்த்தாள்.

"குட்டிங்க அந்தப் பக்கம்," என்றாள்.

காமிரா இடமும் வலமுமாக அசைந்தது. தெரியும், ஆனால் நான் பார்ப்பது அதை இல்லை என்பதுபோல. அது இவள் பேசுவதைக் கேட்கும். பதில் பேசத்தான் அதற்கு வாய் கிடையாது. அவளிடம் படிக்கப் போனும் இல்லை. இருந்தது அந்தக் கழுத்து ஒன்றுதான்.

அவள் கலைந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். யோசித்தாள். கப்பலில் ஒரு சமையலறையே காத்திருந்தது, தீவன அறையில் மூன்று பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் அவசரப்படவில்லை.

"கப்பல விட்டு எறங்கினதும் இங்கதானே வருவீங்க?" என்றாள்.

காமிரா மேலும் கீழுமாகத் தலையாட்டியது.

"நாயக் கூட்டிட்டுப் போகவா?"

மேலும் கீழும். பிறகு அவசரமாக இடமும் வலமும். பிறகு மறுபடி மேலும் கீழும். பாவம், இரண்டும் உண்மை; ஒரே கழுத்தை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வான்? நிதானம் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது.

"அதுக்கு மட்டும்னா வராதீங்க," என்றாள்.

இந்த முறை காமிரா தலையாட்டிய ஆட்டலில் சுவரிலிருந்து காரை உதிர்ந்தது.

அதற்கு மேல் விடுதியம்மாவால் பொறுக்க முடியவில்லை. கதவுக்கு இந்தப் பக்கமிருந்தே, யாரிடம் பேசுகிறோம் என்பதில் சந்தேகமில்லாத குரலில், வரும்போது வீட்டுப் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லு என்றாள். நிதானம் திடுக்கிட்டுக் கதவைப் பார்த்தாள். அந்த அறையில் நடப்பது அடுத்த அறைக்கும் தெரியும் என்பதே அப்போதுதான் அவள் நினைவுக்கு வந்தது. முகம் சிவந்துவிட்டது. காமிரா கதவுப் பக்கம் திரும்பி, மரியாதையாக, ஒருமுறை மட்டும் தலைவணங்கியது.

தீவன அறையில் அண்ணி எழுதும் பெட்டியைப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். கப்பலில் ஒருத்தர் விசிலடிக்கிறாராம், கேப்டன் வந்து என்ன சத்தம் என்று கேட்கிறாராம்.

அந்த நேரம் பார்த்து சீமாட்டி உறுமியது. ஊரெல்லாம் தன் பிரசவத்துக்கு வந்துவிட்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பது அதற்குப் பொறுக்கவில்லை போலும். நிதானம் தாவிப்போய்ப் பக்கத்தில் மண்டியிட்டாள். காமிரா பதறிக்கொண்டு இந்தப் பக்கம் திரும்பி, அதிகமாகத் திரும்பி, சுவரைப் பார்த்து, மறுபடி வந்து, ஒரு வழியாக நேராக நின்றது. நாலாவது குட்டி அப்போதுதான் தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா?" என்று கேட்டாள் நிதானம், திரும்பாமலே.

காமிரா தலையாட்டியது.